இன்கார்னடைன்: ஓர் அரிய ஆங்கிலச் சொல்லை வேரோடு படிப்பது எப்படி?

கல்லூரியில் ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகம் எங்களுக்குப் பாடமாக இருந்தது. இரண்டாம் அங்கத்தில் ‘இன்கார்னடைன்’ என்ற சொல் வந்ததும் அகராதியைப் புரட்டினேன். ‘சிவப்பாக்கு’ என்று போட்டிருந்தது. புத்தக ஓரத்தில் பென்சிலால் ‘சிவப்பு’ என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். தேர்வுக்கு அது போதுமானதாக இருந்தது. ஏமாந்துபோனேன் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. அகராதி சொன்ன அந்தப் பொருளே ‘மேக்பெத்’தின் அந்த வரியிலிருந்து எடுக்கப்பட்டது. வரியைப் புரிந்துகொள்ள அகராதிக்குப் போனேன். அகராதியோ அதே வரியைத் தமிழில் கொஞ்சம் சுருக்கி என்னிடமே திருப்பித் தந்தது.

அரிய ஆங்கிலச் சொற்கள் பலவற்றிலும் இந்தச் சிக்கல் உண்டு. அவை பேச்சில் புழங்குவதில்லை. ஒன்றிரண்டு இலக்கிய வரிகளில் மட்டும் உயிரோடு இருக்கின்றன. ஆகவே அந்த வரிகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். எப்படி என்பதை இந்த ஒரே சொல்லை வைத்துப் படிப்படியாகச் செய்து காட்டுகிறேன். உரைக்குறிப்புகள் உள்ள ஒரு ‘மேக்பெத்’ பதிப்பு, ஒரு சொற்பிறப்பு அகராதி, ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவற்றோடு ஒரு மாலைப்பொழுது இருந்தால் போதும்.

முதல் படி: அகராதியை மூடி வையுங்கள், காட்சியைப் படியுங்கள்

இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி. நள்ளிரவு. ஸ்காட்லாந்து மன்னன் டங்கன் விருந்தாளியாக வந்து தங்கிய வீட்டிலேயே தூக்கத்தில் குத்திக் கொல்லப்பட்டிருக்கிறான். கொன்றவன் வீட்டுக்காரனான மேக்பெத். ‘ஆமென்’ என்று சொல்ல நினைத்தும் தனக்கு நா எழவில்லை என்று மனைவியிடம் புலம்புகிறான். ‘இனித் தூக்கம் இல்லை’ என்று ஒரு குரல் கேட்டதாகச் சொல்கிறான். பதற்றத்தில் கத்திகளைக் கையோடு எடுத்து வந்துவிட்டான். திரும்பப் போய் வைக்கச் சொன்னால் அவனால் முடியவில்லை. அவள் அவற்றைப் பிடுங்கிக்கொண்டு, தூங்கும் காவலர்கள்மேல் இரத்தம் பூசப் போகிறாள்.

மேடையில் அவன் மட்டும். வெளியே யாரோ கதவைத் தட்டுகிறார்கள். தன் கைகளைப் பார்க்கிறான். கடலரசன் நெப்டியூனின் சமுத்திரம் முழுவதும் சேர்ந்தாலும் இந்த இரத்தத்தைக் கழுவிவிடுமா என்று கேட்கிறான். இல்லை என்று அவனே பதிலும் சொல்கிறான். பிறகு இந்த வரிகள்:

“தி மல்டிடியூடினஸ் சீஸ் இன்கார்னடைன்,
மேக்கிங் தி கிரீன் ஒன் ரெட்.”

கடல் கையைக் கழுவாது. இந்தக் கைதான் கடல்களையெல்லாம் சாயம் ஏற்றிவிடும் என்கிறான். இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். குற்றம் செய்த கையைக் கடல் முழுவதும் கொண்டும் கழுவ முடியாது என்ற எண்ணம் ஷேக்ஸ்பியருடையது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அது முதல் நூற்றாண்டு ரோமானிய நாடகாசிரியர் செனெக்காவிடமே இருக்கிறது. வெறி பிடித்துத் தன் மனைவி மக்களையே கொன்ற ஹெர்குலிஸ், தெளிந்தபின் நைல், டைகிரிஸ், ரைன் என்று நதிகளை வரிசையாகச் சொல்லி, எது என் வலக்கையைக் கழுவும், கடலே என் கைகளின் வழியே ஓடினாலும் கறை போகாதே என்று கதறுகிறான். அங்கே கறை கையோடு நின்றுவிடுகிறது. ஷேக்ஸ்பியர் அதைக் கடலுக்குள் இறக்கிவிட்டார். நீர் கையைத் தூய்மையாக்குவதற்குப் பதிலாகக் கை நீரைக் கெடுக்கிறது. அந்தத் தலைகீழ் மாற்றத்தைச் செய்யும் வினைச்சொல்தான் நம் சொல். வாக்கியத்தில் அதன் வேலை என்ன என்று கண்டுகொண்டாயிற்று. பொருள் இன்னும் முழுதாகத் தெரியவில்லை, பரவாயில்லை.

இரண்டாம் படி: வாயால் சொல்லிப் பாருங்கள்

இன்-கார்-ந-டைன். அழுத்தம் ‘கார்’ மீது விழும். கடைசி எழுத்துகளை ‘டின்’ என்றும் ‘டீன்’ என்றும் சொல்வோர் உண்டு. அமெரிக்க அகராதிகள் மூன்றையும் ஏற்கின்றன. பழைய கவிஞர்கள் எப்படிச் சொன்னார்கள் என்று அறிய ஒலிப்பதிவு கிடையாது என்றாலும், இயைபு இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டுக் கவிஞர் தாமஸ் கேரூ ஓர் இரங்கற்பாவில் இந்தச் சொல்லை ‘லைன்’ என்ற சொல்லோடு இயைத்தார். 19ஆம் நூற்றாண்டில் எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு ‘டிவைன்’, ‘வைன்’ ஆகியவற்றோடு இயைத்தார். ஆகவே நான் ‘டைன்’ கட்சி. நம் எதுகையும் இயைபும் பழைய உச்சரிப்புக்குச் சாட்சி சொல்வதுபோலத்தான் இதுவும்.

உச்சரித்ததும் இன்னொன்று தட்டுப்படும். முதல் அடியில் நான்கே சொற்கள். அவற்றில் மல்டிடியூடினஸ், இன்கார்னடைன் என்ற இரண்டும் நாக்கைச் சுழலவைக்கும் லத்தீன் வழிச் சொற்கள். அடுத்த அடியில் கிரீன், ஒன், ரெட் என்று சின்னஞ்சிறு சொற்கள். அவை ஆங்கிலத்தின் பூர்வீகச் சொத்து. உழவனும் குழந்தையும் சொல்வது. முதல் அடி அலைபோல எழுகிறது, இரண்டாம் அடி தரையில் அடித்து விழுகிறது. முதல் அடி புரியாத ரசிகனுக்கும் இரண்டாம் அடி அதன் பொருளைச் சொல்லிவிடுகிறது. ஷேக்ஸ்பியர் தன் அரிய சொல்லுக்குத் தானே உரை எழுதிவிட்டார் என்றுகூடச் சொல்லலாம். தரைவகுப்பில் நின்று நாடகம் பார்த்தவர்களுக்கு அகராதி ஏது?

மூன்றாம் படி: வேரைத் தோண்டுங்கள்

இப்போது சொற்பிறப்பு அகராதியைத் திறக்கலாம். லத்தீனில் ‘காரோ’, அதன் வேற்றுமை வடிவம் ‘கார்னிஸ்’. பொருள்: சதை, ஊன். அதிலிருந்து இத்தாலிய மொழியில் ஊனின் நிறத்தைக் குறிக்கும் ஒரு சொல் உண்டாகி, பிரெஞ்சுக்குப் போய், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. வரும்போது அது பெயரடை. பொருள் ‘சதை நிறமான’, அதாவது இளஞ்சிவப்பு.

சதை நிறம் என்றால் இளஞ்சிவப்பா? யாருடைய சதை? வெள்ளைத் தோலுக்குள் இரத்தம் மினுங்கும் ஐரோப்பிய உடலைப் பார்த்துப் பெயர் வைத்தவர்களின் சொல் இது. அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் தன் வண்ணக் குச்சி ஒன்றுக்கு ‘சதை’ என்றே பெயர் வைத்திருந்து, 1962இல் அதைப் ‘பீச்’ என்று மாற்றியது. சொல்லின் கருவறையில் இருக்கும் இந்தச் சார்பைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்க்கும்போது உதைக்கப் போவது இதுதான்.

வேர் தெரிந்தால் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். ஊனுண்ணி விலங்கைக் குறிக்கும் கார்னிவோர். படுகொலையைக் குறிக்கும் கார்னேஜ். நோன்புக்கு முன் இறைச்சியை விலக்குவதிலிருந்து பிறந்த கார்னிவல்; பொருட்காட்சிப் பந்தலில் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கும்போது யாருக்கும் நோன்பு நினைவு வருவதில்லை. மிக நெருங்கிய உறவு இன்கார்னேஷன். கடவுள் ஊனுடல் எடுத்தல். அதை நாம் ‘அவதாரம்’ என்று பெயர்க்கிறோம். ஆனால் அவதாரம் என்பதன் வேர்ப்பொருள் கீழே இறங்கி வருதல். ஒரு சொல் இறைவனைப் படியிறங்க வைக்கிறது, இன்னொன்று அவனுக்குச் சதை பூட்டுகிறது. இரண்டையும் ஒன்றென்று வைத்து இத்தனை காலம் பழகிவிட்டோம்.

போலி உறவினரையும் விலக்கி வைக்க வேண்டும். கார்மைன் என்ற சிவப்பும் கிரிம்சன் என்ற சிவப்பும் காதுக்கு இதே குடும்பம்போல ஒலிக்கும். இல்லை. அவை இரண்டும் சாயம் தரும் ஒரு பூச்சியின் அரபுப் பெயரான ‘கிர்மிஸ்’ என்பதிலிருந்து வந்தவை. அதன் மூலத்தைப் புழுவைக் குறிக்கும் சமஸ்கிருதச் சொல்லோடு இணைக்கிறார்கள். நம் ‘கிருமி’யும் அதே சொல்தான். ஆங்கிலச் சிவப்புகளில் சில பூச்சியிலிருந்து வந்தன, நம் சொல் மட்டும் உடலிலிருந்து வந்தது.

நான்காம் படி: எங்கே திரும்பியது என்று பாருங்கள்

பெயரடை. இளஞ்சிவப்பு. சாதுவான ஒரு துணிக்கடைச் சொல். இதை வைத்துக்கொண்டு 1606 வாக்கில் ஷேக்ஸ்பியர் இரண்டு காரியங்கள் செய்தார். பெயரடையைப் பிடித்து வினையாக்கினார். இதை வினையாக ஆண்டதற்குக் கிடைக்கும் முதல் பதிவு அவருடையதே. அடுத்து, அந்த இளஞ்சிவப்பை ஒரு கொலைகாரன் கையில் வைத்துக் கடலில் முக்கினார். அதன்பின் அது இளஞ்சிவப்பாக இருக்க முடியவில்லை. சதையின் நிறம் என்றிருந்தது, சதையை அறுத்தால் வரும் நிறம் என்றாகிவிட்டது. பிற்காலத்தார் இரத்தச் சிவப்பு என்ற பொருளில் இதை எழுதுவதும், இந்த வினைச்சொல் இன்றுவரை பிழைத்திருப்பதும் அந்த ஒரு வரியால்தான். அதனால்தான் முதலில் சொன்னேன், அகராதி என் வரியையே எனக்குத் திருப்பித் தந்தது என்று.

ஆனால் பழைய பொருள் போய்விடவில்லை. அடியில் கிடக்கிறது. கடல் சிவக்கும் என்று மட்டும் மேக்பெத் சொல்லவில்லை; கடலுக்குச் சதையின் நிறம் ஏறும் என்கிறான். கொல்லப்பட்டவனின் ஊன் கடலெங்கும் பரவுகிறது. பென்சிலால் நான் எழுதிய ‘சிவப்பு’ இந்தச் சதையைத்தான் தவறவிட்டது.

ஐந்தாம் படி: ஒரு காற்புள்ளியைக் கவனியுங்கள்

சிறிய படி, ஆனால் விடக்கூடாது. ‘மேக்பெத்’ முதன்முதலில் அச்சானது 1623இல், ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து வந்த பெருந்தொகுப்பில். அதில் இரண்டாம் அடியில் ‘ஒன்’ என்ற சொல்லுக்குப் பின் ஒரு காற்புள்ளி இருக்கிறது. அப்படிப் படித்தால் ‘பச்சையான அதைச் சிவப்பாக்கி’ என்று சப்பென்று போய்விடுகிறது. பிற்காலப் பதிப்பாசிரியர்கள் பெரும்பாலோர் அந்தப் புள்ளியை எடுத்துவிட்டார்கள். எடுத்தால் ‘பச்சையை ஒரே சிவப்பாக்கி’ என்று ஆகிறது. எண்ணற்ற கடல்கள், ஆனால் ஒரே சிவப்பு. முதலடியின் பன்மைக்கு இரண்டாமடியின் ஒருமை ஈடு கொடுக்கிறது. நானும் புள்ளியை எடுத்தவர்கள் பக்கமே. உங்கள் பதிப்பில் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, இரண்டு விதமாகவும் உரக்கப் படியுங்கள்.

ஆறாம் படி: சொல்லைப் பின்தொடருங்கள்

ஓர் அரிய சொல் தன் முதல் பெரிய வரிக்குப் பிறகு யார் வீட்டுக்கெல்லாம் போனது என்று பார்ப்பதில் தனிச் சுவை உண்டு. கேரூ இறந்துபோன ஒரு சீமாட்டியைப் பாடும்போது அவள் கன்னத்துக்கு இந்த வினையைக் கொடுத்தார். கடலில் கிடந்த சொல் கன்னத்துக்கு வந்தது.

1859இல் ஃபிட்ஸ்ஜெரால்டு உமர் கய்யாமின் பாரசீகப் பாடல்களை ‘ருபாயத்’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் தந்தபோது, அதே கன்னம் ரோஜாவுக்கு வாய்த்தது. இனிய பாட்டுக்காரனான நைட்டிங்கேல் பறவை ‘மது, மது, செம்மது’ என்று ரோஜாவைப் பார்த்துக் கூவுகிறது. எதற்கு? வெளிறி மஞ்சளித்த அவள் கன்னத்தை இன்கார்னடைன் செய்வதற்கு. இங்கே கொலை இல்லை. மது உள்ளே போனால் கன்னத்தில் இரத்தம் ஏறுமே, அந்தச் சிவப்பு. சொல்லின் பழைய இளஞ்சிவப்புக்கு மறுபடி உயிர் வந்துவிட்டது. என்றாலும் மேக்பெத்தைப் படித்த காதுக்கு அந்த ரோஜாவின் மேல் ஒரு துளி இரத்தம் தெரியாமல் போகாது. அது ஃபிட்ஸ்ஜெரால்டுக்கும் தெரிந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தச் சிறு நூலை லண்டனில் யாரும் வாங்கவில்லை. கடை வாசலில் ஒரு பென்னிக்குக் கழித்துப் போட்டிருந்தார்கள். 1861இல் அதைக் கண்டெடுத்துக் கவிஞர் ரோசெட்டிக்குக் கொடுத்தவர் விட்லி ஸ்டோக்ஸ் என்ற அயர்லாந்து அறிஞர். அவர் அடுத்த ஆண்டே வழக்கறிஞர் தொழிலுக்காகச் சென்னைக்கு வந்தார். வந்தவர் 1862இல் அந்த ருபாயத்தைச் சென்னையில் தனிச்சுற்றுக்காக மறுஅச்சு செய்துவிட்டார். அமெரிக்காவில் புகழ் பரவுவதற்கு முன்பே நம் ஊர் அச்சகத்தில் மஞ்சள் கன்ன ரோஜா சிவந்திருக்கிறாள். பிற்காலத்தில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை உமர் கய்யாமைத் தமிழாக்கியதும் ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலத்தை வைத்துத்தான்.

நம் காலத்தில் அமெரிக்கக் கவிஞர் மேரி ஷிபிஸ்ட் இந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து வெளியிட்ட கவிதைத் தொகுப்பு 2013இல் அந்நாட்டின் தேசியப் புத்தக விருதைப் பெற்றது. மரியாளுக்கு வானதூதர் செய்தி சொன்ன நிகழ்வைச் சுற்றிச் சுற்றி வரும் கவிதைகள் அவை. இறைவன் ஊனாதலையும் ஊனின் நிறத்தையும் ஒரே வேரில் கட்டியது அந்தத் தலைப்பு. மூன்றாம் படியில் நாம் தோண்டியது வீண்போகவில்லை.

ஏழாம் படி: நீங்கள் எழுதலாமா?

எழுதலாம், ஆனால் கஞ்சத்தனமாக. மாணவனாக இருந்தபோது நண்பன் ஒருவனுக்கு எழுதிய ஆங்கிலக் கடிதத்தில் அவன் மனைவியின் முகூர்த்தப் பட்டை இந்தச் சொல்லால் வர்ணித்தேன். அவன் அகராதியைப் பார்த்துவிட்டு ‘என்ன, என் கல்யாணத்தில் கொலையா விழுந்தது?’ என்று பதில் எழுதினான். சேலை, கார், செங்கல் சுவர் ஆகியவற்றுக்கு வேண்டாம். இரத்தம், நாணிச் சிவந்த கன்னம், அந்தி வானம் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் பொருந்தும். அப்போதும் ஒரு கட்டுரையில் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். இறந்தகாலத்தில் ‘இன்கார்னடைன்டு’ என்று வரும். பெயரடையாகவும் வினையாகவும் ஆளலாம். அலுவலகக் கடிதத்தில் எழுதி மேலதிகாரியைச் சோதிக்காதீர்கள்.

எட்டாம் படி: தமிழில் பெயர்த்துப் பாருங்கள்

ஒரு சொல்லை உண்மையாகவே படித்துவிட்டோமா என்று சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அச்சில் வரவேண்டியதில்லை. உங்கள் நோட்டுக்கு மட்டும்.

என் முதல் முயற்சி ‘எண்ணற்ற கடல்களையும் சிவக்கச் செய்யும்’. பிழையில்லை, ஆனால் சதை இல்லை. வெட்கப்பட்டாலும் சிவக்கலாம், வெற்றிலை போட்டாலும் சிவக்கலாம்.

அடுத்து செம்மை என்ற வேரிலிருந்து ஒரு வினையை உருவாக்கப் பார்த்தேன். அங்கே தமிழ் என் கையைத் தட்டிவிட்டது. நமக்குச் செம்மை என்றால் சிவப்பு மட்டுமா? நேர்மை, ஒழுங்கு, திருத்தம் எல்லாம் அதுதான். வளையாத கோல் செங்கோல், திருந்திய தமிழ் செந்தமிழ். ‘கடல்களைச் செம்மைப்படுத்தும்’ என்று எழுதினால் மேக்பெத் கடலுக்குப் பிழைதிருத்தம் பார்க்கிறவனாகிவிடுவான். மன்னனைக் கொன்று செங்கோலைப் பறித்தவன் வாயில் செம்மை வருவது ஒருவகையில் கொடிய நகைச்சுவைதான். ஆனால் மூலத்தில் அது இல்லை, ஆகவே அடித்துவிட்டேன்.

மூன்றாவதாக ‘ஊன்நிறம் ஏற்றும்’. வேர் அப்படியே வந்துவிட்டது. சிக்கல், ஊனின் நிறம் என்றால் தமிழ் வாசகனின் மனத்தில் எந்த நிறமும் உடனே எழுவதில்லை. ‘மாமிச வர்ணம்’ என்றேன். இறைச்சிக் கடையின் ஈ மொய்த்தது. ஐரோப்பியத் தோலைப் பார்த்துப் பிறந்த சொல் இங்கேதான் உதைத்தது.

பிறகு பொருளை விட்டுவிட்டு ஒலியைப் பிடித்தேன். ஆங்கிலத்தில் லத்தீன் சொற்களுக்கும் பூர்வீகச் சொற்களுக்கும் இடையே உள்ள உயரவேறுபாடு நமக்குப் புதிதல்ல. வடசொற்களை அடுக்கி ஓரடி, வீட்டுத் தமிழில் மறு அடி என்று வைத்தால்?

“அனந்தகோடி சமுத்திரங்களையும் இரத்தவர்ணமாக்கும் இந்தக் கை,
பச்சை எல்லாம் ஒரே சிவப்பு.”

கடலைப் பச்சை என்பதில் தயக்கம் இருந்தது. நாம் கருங்கடல், நீலக்கடல் என்று சொல்லிப் பழகியவர்கள். ஆனால் பச்சைக்கும் சிவப்புக்கும் உள்ள மோதலை நீலம் தராது. பச்சையே இருக்கட்டும் என்று விட்டேன். முதலடி உருண்டு வருகிறது, இரண்டாமடி விழுகிறது. ஊனை இழந்துவிட்டேன், அலை கிடைத்தது. இந்தப் பண்டமாற்று உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் உங்கள் நோட்டில் வேறொன்றை எழுதிப் பாருங்கள்.

அந்த வரியிலேயே பல நாள் கிடந்தேன். அதற்கடுத்த வரி, கத்திகளை வைத்துவிட்டு, சிவந்த கைகளோடு திரும்பி வரும் அவன் மனைவி பேசுவது. அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “என் கையும் உன் கை நிறம்தான்” என்கிறாள்.